அமெரிக்கத் தயாரிப்பு நகையும் வாட்சும்: முத்திரையை வாசிப்பது எப்படி?

வெளிநாட்டுத் தங்கத்தை வாங்கி, அமெரிக்கப் பட்டறையிலேயே உருக்கி, வார்த்து, கல் பதித்து, மெருகேற்றிய ஒரு மோதிரம். அதற்கு ‘மேட் இன் யூ.எஸ்.ஏ’ என்று மட்டும் போட்டு விற்கலாமா? கூடாது. இந்த விஷயத்தைக் கண்காணிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் (இனி எஃப்.டி.சி) வணிகர்களுக்கான தன் கையேட்டில் தங்க மோதிரத்தையே உதாரணமாக வைத்து இதைச் சொல்கிறது. மோதிரத்தின் மதிப்பில் பெரும்பங்கு தங்கம்தான். செய்து முடித்த பொருளுக்கும் தங்கத்துக்கும் இடையே ஒரே ஒரு படிதான் இருக்கிறது. ஆகவே தங்கம் அயல்நாட்டது என்றால் மோதிரம் முழு அமெரிக்கப் பொருள் ஆகாது. அமெரிக்காவில் செய்த ரேடியோவின் பிளாஸ்டிக் உறை இறக்குமதிப் பெட்ரோலியத்திலிருந்து வந்திருந்தாலும் பரவாயில்லை என்கிறது அதே கையேடு. பெட்ரோலியம் பல படி தள்ளி இருக்கிறது.

நகை, வாட்ச், பெல்ட் எதுவானாலும் ‘அமெரிக்கத் தயாரிப்பா?’ என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் சரியான பதில் வராது. உலோகம் எங்கிருந்து வந்தது, கல் எங்கே வெட்டியெடுத்தது, எங்கே பட்டை தீட்டியது, வேலை செய்த கை எந்த ஊர்க் கை, வாட்ச் என்றால் உள்ளே ஓடும் இயந்திரம் எங்கே செய்தது என்று பிரித்துக் கேட்க வேண்டும். விற்பவர் எழுதும் சொற்களும் உலோகத்தில் அடித்த முத்திரைகளும் இதில் பாதிக்குப் பதில் சொல்லிவிடும். மீதியைக் கேட்டு வாங்க வேண்டும்.

எந்தச் சொல்லுக்கு எவ்வளவு பொருள்

அடைமொழி எதுவும் இல்லாமல் ‘மேட் இன் யூ.எஸ்.ஏ’ என்று போட, பொருள் ‘முழுவதும் அல்லது ஏறக்குறைய முழுவதும்’ அமெரிக்காவில் ஆனதாக இருக்க வேண்டும். 1997இல் எஃப்.டி.சி கொள்கையாக அறிவித்த இந்த அளவுகோல், 2021 ஆகஸ்ட் 13 முதல் அபராதத்தோடு கூடிய விதியாகவே நடைமுறையில் இருக்கிறது. இறுதிப் பூட்டல் அமெரிக்காவில், முக்கியமான வேலைகள் எல்லாம் அமெரிக்காவில், பாகங்களும் ஏறக்குறைய எல்லாமே அமெரிக்காவில் என்று மூன்றும் சேர்ந்து நிறைவேற வேண்டும். மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 50,000 டாலருக்கு மேல் அபராதம் போகலாம். இத்தனை சதவீதம் என்று எஃப்.டி.சி எண்ணிட்டுச் சொல்வதில்லை. கலிபோர்னியா மாநிலச் சட்டம் சொல்கிறது: அயல்நாட்டுப் பாகங்கள் பொருளின் மொத்த விற்பனை (ஹோல்சேல்) விலையில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அந்தப் பாகம் அமெரிக்காவில் கிடைக்கவே இல்லை என்று காட்ட முடிந்தால் 10 சதவீதம் வரை.

‘அயல்நாட்டுப் பாகங்களைக் கொண்டு அமெரிக்காவில் செய்தது’ என்று அடைமொழியோடு போடுவது சட்டப்படி சரி. நகையிலும் வாட்சிலும் நேர்மையான கடைகளில் நீங்கள் அதிகம் காண வேண்டிய வாசகமும் இதுவே. ‘அசெம்பிள்டு இன் யூ.எஸ்.ஏ’ என்றால் முக்கியமான, கணிசமான பூட்டுவேலை அங்கே நடந்திருக்க வேண்டும். சீனாவிலிருந்து பாகம் பாகமாக வந்ததைக் கடைசியில் நான்கு திருகு முடுக்கி மூடுவது இதில் சேராது. ‘டிசைன்டு இன்’, ‘அமெரிக்க நிறுவனம்’, ‘அமெரிக்காவிலிருந்து அனுப்பப்படும்’, கொடிப் படம், கழுகுப் படம் ஆகியவை செய்த இடத்தைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. புதிதாக வாங்குபவர்கள் வழுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான்.

இணையத்தில் வாங்கும்போது இன்னொரு சிக்கல் உண்டு. இறக்குமதியான நகையோ வாட்சோ கைக்கு வரும்போது அதன்மேல் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்பது சுங்கச் சட்டம். ஆனால் விற்பனைப் பக்கத்தில் நாட்டின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் துணிவகைகளுக்கு உண்டு, நகைக்கும் வாட்சுக்கும் இல்லை. அதனால் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை என்றால் இறக்குமதி என்றே எடுத்துக்கொண்டு, ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

தங்கம், வெள்ளி: முத்திரை சொல்வதும் சொல்லாததும்

தமிழ்நாட்டில் 916, ஆறு இலக்க அடையாள எண், பி.ஐ.எஸ் சின்னம் பார்த்து வாங்கிப் பழகியவர்களுக்கு அமெரிக்கக் கடை கொஞ்சம் திகைப்பைத் தரும். அங்கே அரசு ஹால்மார்க் முறை கிடையாது. மாற்று முத்திரை, அதாவது தூய்மையைக் காட்டும் முத்திரை, போட வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. போட்டால் சில விதிகளுக்கு உட்பட்டுப் போட வேண்டும், அவ்வளவுதான். 1906ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டமும் 1961இல் வந்த அதன் திருத்தமும் சொல்வது இது: மாற்று முத்திரை அடித்தால், அதன் அருகிலேயே அதற்குப் பொறுப்பேற்பவரின் பதிவு செய்த வணிகக் குறியும் இருக்க வேண்டும். ‘14 கே’ மட்டும் தனியாக நிற்கிறது, பக்கத்தில் எந்தக் குறியும் இல்லை என்றால் யாரும் அதற்கு ஜவாப்தாரி இல்லை என்று பொருள். வணிகக் குறி இருந்தால், அது யாருடையது என்று அமெரிக்க வணிகக்குறிப் பதிவகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

அங்கே புழங்குவது 22 காரட் அல்ல, 14 காரட். ஆயிரத்தில் 583 பங்கு தங்கம்; 585 என்றும் அடிப்பார்கள். 10 காரட் என்றால் 417, 18 காரட் என்றால் 750. முத்திரைக்கும் உண்மையான தங்கத்துக்கும் இடையே ஆயிரத்தில் 3 பங்கு வரை குறையலாம். பற்றவைத்த பொடியையும் சேர்த்து முழு நகையை உருக்கிப் பார்த்தால் 7 பங்கு வரை. 1981 அக்டோபருக்கு முன் இந்தச் சலுகை பெரியது: தங்கத்தில் அரை காரட், பொடியோடு சேர்த்து ஒரு காரட். பழைய நகைக் கடையில் வாங்கிய ‘14 கே’ மோதிரம் சோதனையில் 13 காரட் காட்டினால் அது மோசடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அந்தக் காலத்துச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. அந்தச் சலுகையைப் பயன்படுத்தவில்லை, மாற்று முழுசாக இருக்கிறது என்று காட்ட ‘14 கே.பி’ என்று அடித்தவர்கள் உண்டு. இங்கே ‘பி’ என்றால் பிளம், அதாவது துல்லியமான மாற்று. பிளேட்டட் என்று எண்ணி நல்ல தங்கத்தைக் கவரிங் விலைக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

முலாம் வேலைக்கு வேறு எழுத்துகள். ‘ஜி.பி’, ‘ஜி.இ.பி’, ‘எச்.ஜி.இ’ எல்லாம் மின்முலாம், மெல்லிய படலம். ‘வெர்மெய்’ என்றால் கீழே ஸ்டெர்லிங் (925) வெள்ளி, மேலே குறைந்தது 2.5 மைக்ரான் தங்கம். ‘14/20 ஜி.எஃப்’ என்பது கோல்ட் ஃபில்டு: 14 காரட் தங்கத் தகட்டை வெப்பத்திலும் அழுத்தத்திலும் பித்தளையோடு ஒட்டவைத்தது, எடையில் இருபதில் ஒரு பங்கு தங்கம். 10 கிராம் சங்கிலியில் அரை கிராம் 14 காரட். சுத்தத் தங்கமாகக் கணக்கிட்டால் சுமார் 0.29 கிராம். மறுவிற்பனையில் பெரிதாக எதுவும் தேறாது, ஆனால் மின்முலாம் உரிந்துபோன பிறகும் இது பல ஆண்டு நிற்கும். ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ், மாசசூசெட்ஸின் ஆட்டில்பரோ வட்டாரம் இந்த வகை நகைகளால்தான் பெயர் பெற்றது.

பதக்கமும் சங்கிலியும் சேர்த்து வாங்கினால் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். பதக்கம் டெக்சாஸ் பட்டறையில் செய்ததாக இருக்கும். சங்கிலியின் கொக்கியருகே உள்ள சின்னத் தகட்டில் ‘14 கே இத்தாலி’ என்று இருக்கும். இயந்திரத்தில் பின்னும் சங்கிலிகளில் இத்தாலிக்குப் போட்டி குறைவு. அது தரக்குறைவும் அல்ல. சங்கிலி இத்தாலியிலிருந்து என்று விற்பவர் தானே எழுதியிருக்கிறாரா என்பதே கேள்வி. தோட்டின் சுரை, திருகாணி, கொக்கி போன்ற சில்லறைப் பாகங்களும் பெரும்பாலும் வாங்கிப் பொருத்துபவைதான்.

பட்டறைகள் அடிக்கடி சொல்வது ‘மறுசுழற்சித் தங்கம்’. பழைய நகை, மின்னணுக் கழிவு போன்றவற்றை அமெரிக்கச் சுத்திகரிப்பு ஆலையில் உருக்கிச் சுத்தம் செய்து, குருணையாகத் தருவார்கள். சுரங்கத்தை விட்டு வந்த நாடு எது என்று அந்தக் குருணையிடம் கேட்க முடியாது. சுத்திகரித்தது எங்கே என்று மட்டுமே உறுதியாகச் சொல்ல முடியும். நெவாடா மாநிலத்தில் பெரிய தங்கச் சுரங்கங்கள் இருந்தாலும் இதுதான் நிலை.

விலை பற்றி ஒன்று. செய்கூலி, சேதாரம், கிராம் விலை என்று பிரித்து எழுதிய பில்லை அங்கே எதிர்பார்க்காதீர்கள். நகைக்கு ஒரே விலைதான். எடையைக் கிராமில் கேட்டு வாங்கி, அதை அன்றைய கிராம் தங்க விலையாலும் 0.583ஆலும் பெருக்கிப் பார்த்தால் 14 காரட் நகையில் உலோகத்தின் மதிப்பு தெரியும். மீதி எல்லாம் வேலைக்கும் வாடகைக்கும் பெயருக்கும்.

காந்தம் வைத்துச் சோதிப்பதில் ஒரு தடுமாற்றம் வரும். நல்ல தங்கச் சங்கிலியின் கொக்கி மட்டும் ஒட்டும், ஏனெனில் அதனுள் எஃகு ஸ்பிரிங் இருக்கிறது. கடையில் வைத்திருக்கும் எக்ஸ்ரே சோதனைக் கருவியும் மேற்பரப்பைத்தான் படிக்கும். தடித்த முலாம் அதையும் ஏமாற்றும். சந்தேகம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் லேசாக உரசி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

கற்கள்

வைர மோதிரத்தில் சுரங்க வைரம் இருந்தால் அது அமெரிக்க வைரமாக இருக்க வாய்ப்பு இல்லை என்றே கொள்ளலாம். அங்கே வணிக அளவில் ஓடும் வைரச் சுரங்கம் இல்லை. ஆர்கன்சாவில் பார்வையாளர்கள் தாங்களே தோண்டி எடுத்துப்போகும் ஒரு மாநிலப் பூங்கா உண்டு, அவ்வளவே. உலக வைரங்களில் மிகப் பெரும்பங்கு சூரத்தில்தான் பட்டை தீட்டப்படுகிறது.

அமெரிக்கக் கல்லே வேண்டும் என்றால் மொன்டானா நீலம், ஆரிகன் சன்ஸ்டோன், அரிசோனா பெரிடாட், மேய்ன் டூர்மலின், தென்மேற்கின் டர்க்காய்ஸ் ஆகியவற்றைத் தேடலாம். மொன்டானாவின் யோகோ நீலம் சூடேற்றாமலே நல்ல நீலமாக இருக்கும். ஆனால் பட்டை தீட்டிய பிறகு ஒரு காரட்டைத் தாண்டும் கல் அரிது. அதே மாநிலத்தின் ராக் கிரீக் கற்களைப் பெரும்பாலும் சூடேற்றி நிறம் கூட்டுவார்கள். அது ஏற்கப்பட்ட முறைதான். சொல்லிவிட்டு விற்க வேண்டும். மொன்டானாவில் தோண்டிய கல் தாய்லாந்துக்கோ இலங்கைக்கோ போய்ப் பட்டை தீட்டப்பட்டு வருவதும் உண்டு. தோண்டிய இடமும் தீட்டிய இடமும் வெவ்வேறு கேள்விகள்.

பூர்வகுடி நகைகள்

அமெரிக்காவில் கையால் செய்த நகை என்றதும் பலரும் முதலில் நினைப்பது நியூ மெக்சிகோ, அரிசோனா மாநிலங்களின் பூர்வகுடி மக்களின் வெள்ளி வேலையைத்தான். நவஹோ மக்களின் கனத்த வெள்ளியும் மணல்வார்ப்பும், ஜூனி மக்கள் நுணுக்கமாகக் கல் இழைப்பது, ஹோப்பி மக்கள் இரண்டு வெள்ளித் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கீழ்த்தகட்டைக் கருமையாக்குவது, கேவா ஊரின் மெல்லிய சிப்பி மணிகள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மரபு. போலியும் இங்கேதான் அதிகம்.

1990ஆம் ஆண்டின் சட்டப்படி, பூர்வகுடி அல்லாதவர் செய்ததைப் பூர்வகுடி வேலை என்று தோன்றும்படி விற்பதே குற்றம். தனிநபருக்கு முதல் முறையே 2,50,000 டாலர் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பிலிப்பைன்ஸில் செய்த நகையைப் பூர்வகுடி நகை என்று விற்ற வழக்கில் அல்புகர்க்கி வணிகர் ஒருவருக்கு 2018இல் ஆறு மாதச் சிறை கிடைத்தது. இறக்குமதியாகும் இந்தப் பாணி நகைகளில் நாட்டின் பெயரை அழியாதபடி வெட்டியோ அச்சடித்தோ கொக்கியிலோ கண்ணில் படும் இடத்திலோ போட வேண்டும் என்று சுங்க விதி தனியாகவே சொல்கிறது. கொக்கியருகே அராவிய தடம் தெரிந்தால் அங்கே என்ன இருந்தது என்று யோசியுங்கள்.

‘ஸ்டைல்’ என்ற சொல்லில் கவனம் வேண்டும். ‘நேட்டிவ் அமெரிக்கன் ஸ்டைல்’, ‘சவுத்வெஸ்டர்ன்’ என்பவை செய்தவர் யார் என்று சொல்லவில்லை. கலைஞரின் பெயர், அவர் சார்ந்த பழங்குடியின் பெயர், உலோகம், கல்லின் தன்மை நான்கையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு கடை பார்க்கலாம். சான்டா ஃபேயில் கவர்னர் மாளிகையின் தாழ்வாரத்தில் கலைஞர்களே அமர்ந்து விற்கிறார்கள். அவர்கள் விற்பதை அருங்காட்சியகத் திட்டம் ஒன்று சரிபார்க்கிறது. 1922இல் தொடங்கி ஆகஸ்ட் தோறும் நடக்கும் ‘இந்தியன் மார்க்கெட்’ என்ற பூர்வகுடிக் கலைச் சந்தையும் அங்கேதான். முதல் முறை வாங்குபவருக்கு இவை பாதுகாப்பான இடங்கள்.

டர்க்காய்ஸைப் பொறுத்தவரை ‘இயற்கை’, ‘ஸ்டெபிலைஸ்டு’, ‘பிளாக்’ என்ற மூன்று சொற்கள் தெரிந்தால் போதும். மிருதுவான கல்லில் பிசின் ஏற்றி உறுதிப்படுத்தியது ஸ்டெபிலைஸ்டு. தினம் அணிய அதுவே வசதி. பிளாக் என்பது கல்லே இல்லாமல் சாயமும் பிசினும் சேர்ந்த கட்டி. சாயமேற்றிய ஹௌலைட் என்ற வெள்ளைக் கல்லையும் டர்க்காய்ஸ் என்று தள்ளிவிடுவார்கள். பின்பக்கம் நெயில்பாலிஷ் நீக்கியில் நனைத்த பஞ்சை வைத்தால் பெரும்பாலும் நிறம் ஒட்டும். ஆனால் அதைக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், உண்மையான கல்லையும் அது மங்கச் செய்யலாம். அரிசோனாவின் ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கத்தில் டர்க்காய்ஸ் எடுப்பது 2012இல் நின்றுவிட்டது. இன்று அந்தப் பெயரில் கைநிறையக் கற்களை மலிவாக ஒருவர் விற்றால், பழைய இருப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். ‘ஜெர்மன் சில்வர்’, ‘நிக்கல் சில்வர்’ இரண்டிலும் வெள்ளி ஒரு துளி இல்லை. 925 என்றோ ஸ்டெர்லிங் என்றோ பாருங்கள்.

வாட்ச்

ஒரு காலத்தில் உலகுக்கே வாட்ச் செய்த நாடு. வால்தம், எல்ஜின், ஹாமில்டன் என்று லட்சக்கணக்கில் செய்தார்கள். 1891இல் ஒஹையோ மாநிலத்தின் கிப்டனில் நடந்த ரயில் விபத்துக்குப் பிறகு, வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகாத கடிகாரங்களே ரயில்வே ஊழியர்களிடம் இருக்க வேண்டும் என்ற நிலை வந்தது. அமெரிக்க ஆலைகள் அதைச் செய்துகாட்டின. வால்தம் 1957இல் உற்பத்தியை நிறுத்தியது. ஹாமில்டன் 1969இல் அமெரிக்காவில் வாட்ச் செய்வதை விட்டது. இன்று அது சுவிஸ் வாட்ச், உரிமை ஸ்வாட்ச் குழுமத்திடம். 1875இல் நியூயார்க்கில் பிறந்த புலோவா இப்போது ஜப்பானின் சிட்டிசன் கையில். பெயர் அமெரிக்கப் பெயராக இருப்பதால் வாட்ச் அமெரிக்க வாட்ச் ஆகிவிடாது.

ஆலைகள் மூடியதோடு துணைத்தொழில்களும் போய்விட்டன. கேஸ், டயல், முள் ஆகியவற்றைத் திறமையான சிறு பட்டறை செய்துவிடும். இதயமான பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் ஹேர்ஸ்பிரிங் என்ற சுருள்வில்தான் பெரிய தடை. வெப்பத்தால் மீள்தன்மை மாறாத தனிக் கலப்புலோகத்தை, தலைமுடியைவிட மெல்லிய பட்டையாக உருட்டிச் சுருட்ட வேண்டும். தடிமனில் நுண்ணிய பிசகு வந்தாலும் நேரம் தவறும். இதில் ஸ்வாட்ச் குழுமத்தின் நிவராக்ஸ்தான் நெடுங்காலமாக ஆட்சி செய்கிறது. சில நூறு வாட்ச் செய்யும் பட்டறை இதற்கென்று உருட்டாலை போட முடியாது.

சுவிட்சர்லாந்தின் விதியையும் இங்கே நினைவில் கொள்ளலாம். 2017 முதல் ‘சுவிஸ் மேட்’ என்று போட உற்பத்திச் செலவில் 60 சதவீதம் அங்கே ஆகியிருந்தால் போதும். இயந்திரமும் இறுதிச் சோதனையும் அங்கே இருக்க வேண்டும். அமெரிக்க விதியோ ஏறக்குறைய முழுவதையும் கேட்கிறது. 2016இல் டெட்ராய்ட்டின் ஷைனோலா நிறுவனத்தின் விளம்பரங்களை எஃப்.டி.சி ஆராய்ந்தபோது, அதன் சில வாட்ச்களுக்கான மூலப்பொருள் செலவு நூறு சதவீதமும் இறக்குமதி என்று தெரிந்தது. வாட்ச் டெட்ராய்ட்டில் பூட்டியதுதான். ‘பில்ட் இன் டெட்ராய்ட்’ என்பதோடு சுவிஸ் மற்றும் இறக்குமதிப் பாகங்கள் என்று சேர்த்து எழுத நிறுவனம் ஒப்புக்கொண்டது. எங்கள் பார்வையில் அந்தத் திருத்திய வாசகமே வாங்குபவருக்கு மிகப் பயனுள்ளது.

வாட்சைக் கையில் எடுத்தால் டயலில் 6க்குக் கீழே விளிம்பில் பாருங்கள், பிறகு பின்மூடி. ‘சுவிஸ் மூவ்ட்’, ‘ஜப்பான் மூவ்ட்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். மூவ்மென்ட், அதாவது உள்ளியந்திரம், எங்கே பூட்டப்பட்டதோ அதையே வாட்சின் நாடாக அமெரிக்கச் சுங்கம் கொள்கிறது.

உண்மையான அமெரிக்க இயந்திரம் வேண்டும் என்பவர்க்கு வழிகள் குறைவு. பென்சில்வேனியாவில் 1992இல் தொடங்கிய ஆர்.ஜி.எம், காலிபர் 801 என்று சொந்த இயந்திரம் செய்கிறது. அதன் எளிய மாதிரிகளில் சுவிஸ் இயந்திரம்தான், ஆகவே மாதிரியின் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும். கலிபோர்னியாவின் ஜே.என். ஷப்பிரோ 2023இல் வெளியிட்ட ரிசர்ஜென்ஸ் இன்னும் ஒரு படி மேலே. விலை பல பத்தாயிரம் டாலர். மூன்றாவது வழி சுவையானது. கொலராடோவின் வோர்டிக் நிறுவனம் நூறாண்டுப் பழைய அமெரிக்கப் பாக்கெட் கடிகார இயந்திரங்களைப் பழுதுநீக்கி, புதிய கேஸில் கைவாட்ச் ஆக்குகிறது. பழைய டயலில் தன் பெயர் இருக்கிறதே என்று ஹாமில்டன் நிறுவனம் வழக்குத் தொடுத்தது; 2020இல் வோர்டிக் வென்றது, 2021இல் மேல்முறையீட்டிலும் வென்றது.

இப்படிப் பழைய இயந்திரத்தை வாங்குகிறவர் சிலவற்றை ஏற்றுக்கொண்டே வாங்க வேண்டும். அதிர்வு தாங்கும் அமைப்பு அதில் இல்லை. தரையில் விழுந்தால் பேலன்ஸ் அச்சு ஒடியும். உதிரி புதிதாக வராது, இன்னொரு பழைய கடிகாரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். எஃகு ஹேர்ஸ்பிரிங் காந்தம் பிடித்தால் வாட்ச் வேகமாக ஓடும். போன், ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள். மழையில் நனைக்கக் கூடாது. அளவும் பெரிது, மெல்லிய மணிக்கட்டுக்குப் பொருந்தாது.

பெல்ட், பர்ஸ், கண்ணாடி

நகையையும் வாட்சையும்விட இங்கே வேலை எளிது. தோல் பதனிடும் பழைய ஆலைகள் இன்னும் இயங்குகின்றன: சிகாகோவில் ஹார்வீன், செயின்ட் லூயிஸில் ஹெர்மன் ஓக், பென்சில்வேனியாவில் விக்கெட் அண்ட் கிரெய்க். பெல்ட் செய்பவர் தோல் எந்த ஆலையுடையது என்று பெயர் சொல்வார், சொல்லாவிட்டால் கேளுங்கள். தடிமனை அவுன்ஸில் சொல்வார்கள், ஓர் அவுன்ஸ் சுமார் 0.4 மில்லிமீட்டர். ஒற்றைத் தோல் பெல்ட்டுக்கு 9 முதல் 10 அவுன்ஸ், அதாவது 3.6 முதல் 4 மில்லிமீட்டர் வேண்டும். ‘ஜெனுயின் லெதர்’ என்ற சொல் தோல் என்பதை மட்டுமே சொல்கிறது, தரத்தை அல்ல. ‘பாண்டட்’ என்றால் தோல்தூளை ஒட்டிச் செய்தது, ஓராண்டுக்குள் உரியத் தொடங்கலாம். பக்கிள்தான் வழக்கமாக இறக்குமதியாகும் பாகம். கெட்டிப் பித்தளையா, முலாமிட்ட துத்தநாக வார்ப்பா என்று பின்பக்கம் பார்த்தால் தெரியும்: வார்ப்பு லேசாக இருக்கும், மடங்கும் இடத்தில் முலாம் வெடித்துச் சாம்பல் நிறம் தெரியும்.

சட்டகம் அமெரிக்காவில் செய்த வெயில் கண்ணாடிக்கு மாசசூசெட்ஸின் ராண்டால்ஃப் நிறுவனம் தெரிந்த பெயர். அங்கேயும் லென்ஸ் எங்கே செய்தது என்பது தனிக் கேள்வி.

விற்பவருக்கு எழுதும்போது ‘இது அமெரிக்கத் தயாரிப்பா?’ என்று எழுதினால் ‘ஆம்’ என்று மட்டும் பதில் வரும். ‘இந்தப் பொருளில் அமெரிக்காவில் செய்யாத பாகங்கள் எவை?’ என்று கேளுங்கள். ‘சங்கிலி இத்தாலி, கல் தீட்டியது தாய்லாந்து, மற்றதெல்லாம் எங்கள் பட்டறை’ என்று பட்டியல் தருபவரிடம் வாங்கலாம். அந்த மின்னஞ்சலை ரசீதோடு சேர்த்து வையுங்கள். பின்னால் தகராறு வந்தாலோ எஃப்.டி.சியின் தளத்தில் புகார் பதிவு செய்ய நேர்ந்தாலோ, விற்பவர் தன் கையால் எழுதிக் கொடுத்த அந்த வரிகள்தான் உதவும்.